சலவையும் கிணறும்

ஆடையிற் படிந்த அழுக்கு, நீரிலே கழுவப்பட்டதும் அழிந்தொழிகின்றது என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். உண்மை அஃதன்று. அழுக்கு இடம் மாறுகின்றது, அவ்வளவே. ஆடையை விட்டு நீங்கிய எண்ணெயும் வியர்வையும் புழுதியும், அவற்றை நீக்குதற்கு நாம் இட்ட சவர்க்காரமும் தூளும் ஒருங்கு சேர்ந்து கழிவுநீராகி எங்கோ செல்கின்றன. ஆறுகள் மலிந்த நாடுகளிலே அவை ஆற்றோடு போய்க் கடலிற் கலக்கும். பெருநகரங்கள் சிலவற்றிலே குழாய் வழியாகச் சென்று சுத்திகரிப்பு நிலையங்களை அடையும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அவை எங்கே செல்கின்றன? கிணற்றடியில் நின்று சற்றே சிந்திப்பவருக்கு விடை எளிதிற் புலப்படும். துவைகல்லிலிருந்து வடியும் நீர் வாய்க்கால் வழியே வாழையடிக்குச் செல்லும். வாழையடியிலிருந்து மண்ணுக்குள் இறங்கும். மண்ணின் கீழுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே சென்று, நாம் மீண்டும் அள்ளிப் பருகும் அதே நிலத்தடி நீரை அடையும்.

‘சூழலுக்கு உகந்த பொருள்’, ‘பசுமை வாழ்வு’ என்னுந் தொடர்கள் இற்றை நாளிலே கடைதோறும் காணப்படுகின்றன. பச்சை நிறத்திலே ஓர் இலையை வரைந்துவிட்டாற் போதும், உள்ளேயிருப்பது யாதாயினும் அது நற்பொருள் என்று கொள்வோர் பலர். வீட்டுப் பாவனைக்குரிய பொருள்கள் எல்லாவற்றையும் ஆராய்தற்கு ஒரு கட்டுரை போதாது. ஆதலின், நாள்தோறும் தவறாது பயன்படும் சலவைப் பொருள்களையே முதன்மையாக எடுத்துக்கொண்டு, ஒரு பொருள் நம் சூழலுக்கு உகந்ததோ என்று துணிவதற்கு நாம் கேட்கவேண்டிய வினா யாது என்பதை ஈண்டு விளக்க முயல்வோம். ‘இது பயன்பட்டபின் எங்கே செல்கின்றது? அங்கே என்னவாகின்றது?’ என்பதே அவ்வினா. அதற்குரிய விடை ஊருக்கு ஊர் வேறுபடும். இலண்டன் மாநகருக்கு ஏற்ற விடை கோண்டாவிலுக்கு ஏற்றதாதல் வேண்டுமென்பதில்லை.

முதற்கண் நம் நிலத்தின் இயல்பை நோக்குவோம். குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்திலே கடலடியிற் படிந்த சுண்ணக்கல்லாகும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடிக் கடல்நீரேரியை அடைவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள காலத்திலே வடகீழ்ப் பருவக்காற்றினாற் கிடைப்பது. அம்மழைநீர் மண்ணினூடே இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. கடல்நீரும் அக்கல்லினுள்ளே புகுந்திருக்கின்றதாயினும், நன்னீர் உவர்நீரிலும் அடர்த்தி குறைந்ததாகையால் அதன்மீது ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. கடன்மட்டத்துக்கு மேலே 1 அடி உயரம் நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருத்தல் கூடும் என்பது நிலநீரியலார் கணக்கு. மேலேயுள்ள அவ்வோரடியை நாம் இறைத்துவிட்டாற் கீழே உவர் எவ்வளவு மேலெழும் என்பதையும் இக்கணக்கே காட்டும். புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருத்தல் இதற்குக் கண்கண்ட சான்று.

இவ்வாறமைந்த நன்னீர் வில்லைகள் வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு பகுதிகளில் உள்ளன. மணற்பாங்கான நிலத்திலே நீர் மெல்ல ஊறிச் செல்லும்போது வடிகட்டப்படுகின்றது. சுண்ணக்கல் நிலத்திலோ, வெடிப்பொன்றைக் கண்டுவிட்ட நீர் விரைந்து ஓடிவிடும். வடிகட்டுதற்கு அங்கே அவகாசம் இல்லை. வலிகாமத்துச் செம்மண் பல இடங்களில் ஆழமற்றது. எனவே நிலத்தின்மேல் நாம் ஊற்றுவதற்கும் நிலத்தடியிலே நாம் பெறுவதற்கும் இடையிலுள்ள திரை மிக மெல்லியது. 2024ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திலே தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று திறந்துவைக்கப்பட்டமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுத்தற்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும். கிணற்றைக் கெடுத்துவிட்டுக் குழாயை நம்பியிருத்தல் சிக்கனமான வழியன்று.

சுண்ணக்கல்லினாலே நம் நீருக்கு மற்றொரு குணமும் வாய்த்திருக்கின்றது. மழைநீர் வளியிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகின்றது. அவ்வமிலம் சுண்ணக்கல்லைக் கரைத்தலால் நீரிலே கல்சியம் இருகாபனேற்று மிகுகின்றது. இதுவே நீரின் வன்மைக்கு முதற் காரணம். கேத்திலின் உட்புறத்திலே வெண்ணிறமாகப் படிவது, கொதித்தலினால் மீண்டும் வெளிப்பட்ட சுண்ணக்கல்லேயன்றி வேறன்று. இத்தகைய நீரிலே சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. ஏன் என்பதை அறிதற்குச் சவர்க்காரத்தின் அமைப்பைச் சிறிது பார்த்தல் வேண்டும்.

எண்ணெயையேனும் கொழுப்பையேனும் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினாற் சவர்க்காரமும் கிளிசரினும் உண்டாகின்றன. சவர்க்கார மூலக்கூற்றுக்கு நீண்டதொரு காபன் வாலும், மின்னேற்றம் பெற்ற சிறிய தலையும் உண்டு. வால் எண்ணெயை நாடும். தலை நீரை நாடும். வால்கள் எண்ணெய்த்துளியினுட் புகுந்து நிற்க, தலைகள் வெளியே நீரை நோக்கி நிற்க, எண்ணெய்த்துளி ஆடையிலிருந்து பெயர்ந்து நீரோடு செல்கின்றது. பிரெஞ்சு இரசாயனவியலாளர் செவ்ரோல் கொழுப்புப் பொருள்களின் இயல்பை ஆராய்ந்து 1823ஆம் ஆண்டு நூலாக வெளியிடும்வரை, சவர்க்காரம் காய்ச்சுவோர்க்குத் தாம் செய்வது யாதென்பது தெரியாது. ஆயினும் நன்றாகவே செய்துவந்தனர். வன்னீரிலே கல்சியம் அயன்கள் அத்தலைகளைப் பற்றிக்கொள்கின்றன. அப்போது நீரிற் கரையாத கல்சியச் சவர்க்காரம் பிசுபிசுத்த வெண்பாடாக வெளிப்படுகின்றது. சலவை வாளியின் ஓரத்திலே ஒட்டுவதும், வெள்ளை வேட்டியை நாளடைவிலே பழுப்பாக்குவதும் இதுவே. நீரிலுள்ள கல்சியம் முழுவதும் இவ்வாறு தீர்ந்த பின்னரே எஞ்சிய சவர்க்காரம் அழுக்கைத் தொடும். சுருங்கக் கூறின், நாம் வாங்கும் சவர்க்காரத்தில் ஒரு பங்கு ஆடையை வெளுப்பதற்கன்றி நீரை மென்மையாக்குதற்கே செலவாகின்றது.

சவர்க்காரக் கட்டி வருதற்கு முன் நம்மவர் எதனைக் கொண்டு வெளுத்தனர்? களர் நிலத்திலே தோண்டிய கிணற்றில் நாளும் ஆடை வெளுக்கும் பெண்ணொருத்தி புறநானூற்றின் 311ஆம் பாட்டிலே குறிக்கப்படுகின்றாள். களர்மண்ணிலே சோடியங் காபனேற்று இருத்தல் இயல்பு. இன்று கடையில் விற்கும் சலவைச்சோடாவும் அதுவே. எனவே அக்கிணற்று நீரின் காரத்தன்மை வெளுப்புக்கு உதவியிருக்கலாம் என்று கருத இடமுண்டு. பிற்காலத்திலும் வெளுப்பவர் உவர்மண்ணையும் சாம்பலையும் இட்டு ஆடைகளை வெள்ளாவி வைத்தனர். பெண்கள் தலைமுழுகுதற்குச் சீயாக்காயும் தேசிக்காயும் சேர்த்து அவித்த அரப்பைக் கொண்டனர். சீயாக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சப்போனின் என்னும் பொருள் சவர்க்காரத்தைப் போலவே நுரைப்பது. ஆனாற் கல்சியத்தோடு சேர்ந்து வெண்பாடாகப் படியாதது. வன்னீர்க் கிணற்றிலே சவர்க்காரம் இட்டு முழுகிய தலை பிசுபிசுக்க, அரப்பு வைத்து முழுகிய தலை மிருதுவாயிருத்தற்குக் காரணம் இதுவே. பாட்டிமார் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். இரசாயனம் பின்னர் வந்து அவர்களை ஆமோதித்தது.

செயற்கைச் சலவைப் பொருள்கள் பிறந்ததற்குக் கொழுப்புப் பஞ்சமே முதற் காரணம். முதலாம் உலகப் போர்க் காலத்திலே செருமனியிற் கொழுப்புக் கிடைத்தல் அரிதாக, அங்குள்ள இரசாயனவியலாளர் வேறு மூலப்பொருள்களிலிருந்து சவர்க்காரத்துக்கு ஒப்பானதொன்றை ஆக்க முயன்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மண்ணெண்ணெய் வகைகளிலிருந்து இப்பொருள்கள் மலிவாகச் செய்யப்பட்டன. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ‘ரைட்’ என்னும் தூள் விற்பனைக்கு வந்தது. வன்னீரிலும் வெண்பாடு படியாது நன்கு வெளுத்தமையால் இத்தகைய தூள்கள் உலகெங்கும் பரவின. நம்மூர்க் கிணற்று நீருக்கு இவை எத்துணை வரப்பிரசாதமாய்த் தோன்றியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சில ஆண்டுகளுள் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஐரோப்பிய அமெரிக்க ஆறுகளிலே அணைகளுக்குக் கீழே நுரை மலைபோற் குவிந்தது. சில இடங்களிலே வீட்டுக் குழாயைத் திறந்தால் நீரோடு நுரையும் வந்தது. ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. அக்காலத்துத் தூள்களிலிருந்த மூலக்கூற்றின் வால் நேரானதன்று; கிளைத்துக் கிளைத்துச் சென்றது. மண்ணிலும் நீரிலும் உள்ள பற்றீரியாக்கள் நேர்ச்சங்கிலியை ஒரு நுனியிலிருந்து படிப்படியாக உண்டு தீர்க்கவல்லன. கிளைகள் குறுக்கிட்டால் அவற்றின் நொதியங்கள் செயலற்று நின்றுவிடும். உண்ணப்படாத பொருள் ஆற்றிலே தங்கியது. மேற்கு செருமனி 1961ஆம் ஆண்டு இதனைத் தடுக்கச் சட்டம் இயற்றி 1964இல் நடைமுறைப்படுத்தியது. அமெரிக்க உற்பத்தியாளர் 1965ஆம் ஆண்டளவிலே நேர்ச்சங்கிலிப் பொருளுக்கு மாறினர். இன்று நாம் வாங்கும் தூள்களிற் பெரும்பாலானவற்றின் முதன்மைப் பொருள் இந்நேர்ச்சங்கிலி அல்கைல்பென்சீன் சல்பனேற்றே. இரண்டு மூலக்கூறுகளும் ஒரே மூலகங்களாலானவை. ஒரே அளவு வெளுப்பவை. வாலின் வடிவம் ஒன்றே ஆற்றைக் கெடுப்பதையும் கெடுக்காததையும் வேறுபடுத்தியது. ‘இரசாயனப் பொருள்’ என்று பொதுப்படப் பழிப்போர் இவ்வரலாற்றை ஊன்றிக் கவனித்தல் நன்று.

ஆயினும் நேர்ச்சங்கிலியைப் பற்றீரியா உண்பதற்கு ஒட்சிசன் வேண்டும். காற்றோட்டமுள்ள மேன்மண்ணிலே சல்பனேற்று விரைவிற் சிதைந்துவிடும். காற்றுப் புகாத குழியிலோ, அது பெரிதும் சிதையாதே கிடக்கும். இங்கேதான் நம் பழைய கிணற்றடிக்கும் புதிய வீட்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகின்றது. கிணற்றடி நீர் வாழைக்கும் கமுகுக்கும் தென்னைக்கும் திறந்த வாய்க்காலாற் சென்ற காலத்திலே, அது காற்றும் வேரும் நுண்ணுயிரும் நிறைந்த மேன்மண்ணிற் பரந்தது. இன்று கட்டப்படும் வீடுகளிலே குளியலறை நீரும் சலவை இயந்திரத்து நீரும் சீமெந்துக் குழாயால் ஆழமான குழிக்கு அனுப்பப்படுகின்றன. முற்றம் ஈரமின்றி அழகாக இருக்கின்றது. ஆனாற் கழிவுநீர், தன்னைத் தூய்மையாக்கக்கூடிய மேன்மண்ணைத் தொடாமலே, சுண்ணக்கல்லுக்கு நேரே இறங்கிவிடுகின்றது. எந்தத் தூளை வாங்குவது என்பதிலும், வாங்கிய தூளின் நீரை எங்கே விடுவது என்பதே பெரிய வினா என்பது என் துணிபு.

தூளினுள்ளே வெளுக்கும் பொருள் ஒரு பகுதியே. எஞ்சியவற்றுட் சலவைச்சோடாவும், நிரப்புப் பொருளாக இடப்படும் சோடியஞ் சல்பேற்றும் குறிப்பிடத்தக்கன. இவை நச்சுப் பொருள்களல்ல. ஆயினும் சோடியம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. பற்றீரியா அதனை உண்டு அழிக்க முடியாது. தொடர்ந்து ஓரிடத்தில் விடப்பட்டால் மண்ணின் களித்துணிக்கைகளைப் பிரித்து மண்ணை இறுகச் செய்யும். பயிரின் வேருக்குக் கேடு விளைக்கும். நீரோடு கீழே இறங்கி, முன்னரே உவரை அஞ்சி நிற்கும் கிணற்றுக்கு உப்பைச் சேர்க்கும். விறகுச் சாம்பலிலுள்ள காரமோ பெரும்பாலும் பொற்றாசியங் காபனேற்று. பொற்றாசியம் வாழைக்கு வேண்டிய உணவு. பாத்திரம் விளக்கிய சாம்பல்நீர் வாழையடிக்குப் போனபோது கழிவு உரமாயிற்று. இற்றைத் தூளின் நீர் அதே வாழைக்குப் போகும்போது அவ்வாறு ஆவதில்லை. கட்டிச் சவர்க்காரமும் பெரும்பாலும் சோடியம் உப்பேயெனினும், நிரப்புப் பொருள் மிகுந்த மலிவான தூளிலே வீணாகச் சேரும் உப்பு அதிகம். எனவே தூள் வாங்குவோர் பெரிய பையைக் கண்டு மகிழாது, குறைந்த அளவிலே வெளுக்கும் செறிவான தூளையோ திரவத்தையோ தெரிதல் நன்று.

பொசுபேற்றைப் பற்றி மேனாட்டு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அது பாசியை வளர்ப்பது. பாசி மடிந்து அழுகும்போது நீரின் ஒட்சிசன் தீர்ந்து மீன்கள் மாளும். வட அமெரிக்காவின் ஈரி ஏரி இவ்வாறு சீர்கெட்டதை அடுத்தே 1972ஆம் ஆண்டு கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் பேரேரிகளின் நீர்த்தரம் பற்றி உடன்படிக்கை செய்தன. பொசுபேற்றுக்குப் பதிலாகச் சியோலைற்று என்னும் கனிப்பொருள் பல தூள்களிலே சேர்க்கப்படலாயிற்று. நம் கிணறுகளைப் பொறுத்தமட்டில் இஃது அத்துணைப் பெரிய அச்சமன்று. சுண்ணக்கல்லிலுள்ள கல்சியம் பொசுபேற்றைப் பெரும்பாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். குளக்கரையிலே துவைப்போர் மாத்திரம் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இங்கே ஒரு நியாயம் கூறுதல் கடமை. குடாநாட்டுக் கிணறுகளைக் கெடுப்பதிலே சலவைப் பொருள் முதற் குற்றவாளியன்று. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இடப்படும் உரமும், கிணற்றுக்கு அண்மையிலுள்ள மலசலகூடக் குழிகளும் நைத்திரேற்றைப் பெருக்கியுள்ளன. உலக சுகாதார தாபனம் குடிநீருக்கு விதித்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிலே இவ்வெல்லை மீறப்பட்டிருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. இத்தகைய நீரிலே பாலைக் கரைத்துக் கொடுத்தாற் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழத்தல் கூடும். சுன்னாகத்திலே மின்னிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்தமை பற்றிய வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவையெல்லாம் இருக்கச் சவர்க்காரத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். மின்னிலையத்தை மூடுதல் நம் கையில் இல்லை. துவைத்த நீரைத் திருப்பிவிடுதல் நம் கையில் உள்ளது. அன்றியும், எண்ணெயைக் கிணற்றுக்குக் கொண்டுபோன அதே வெடிப்புகள்தாம் நம் சலவை நீரையும் கொண்டுபோகின்றன.

இனி, ‘இயற்கை’ என்னும் சொல்லால் மயங்குவோர்க்கு ஒரு சொல். இயற்கைப் பொருள் யாவும் தீங்கற்றவை என்பது பிழை. முன்னே புகழ்ந்த சப்போனின், மீனுக்குக் கொடிய நஞ்சு; பூந்திக்கொட்டையை இடித்து நீர்நிலையிலே கரைத்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் உலகின் பல பாகங்களில் இருந்திருக்கின்றது. மண்ணிலே விட்டால் நுண்ணுயிர்கள் சப்போனினைச் சிதைத்துவிடும். குளத்திலே கொட்டினால் தவளைக்கும் மீனுக்கும் கேடு. செம்பனை எண்ணெயிலிருந்து செய்த சவர்க்காரமும் தாவரப் பொருளே. ஆனால் அப்பனைத் தோட்டங்களுக்காக இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காடுகள் அழிக்கப்பட்டன. தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் நமக்கு இரண்டு விதத்திலே ஏற்றது. மூலப்பொருள் நம் நாட்டிலே விளைவது. அன்றியும் அதன் வால் குறுகியதாகையால் வன்னீரிலும் ஓரளவு நுரைக்கும். கடல்நீரிலே குளிக்கவேண்டிய மாலுமிகளுக்கென்று முற்காலத்திலே தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரமே செய்யப்பட்டது.

பொருளின் மேலுறையை எவ்வாறு வாசிப்பது? ‘உயிரியல் முறையிற் சிதைவடைவது’ என்னும் தொடருக்கு வரையறை உண்டு. பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்திக்கான தாபனம் வகுத்த சோதனை முறைகளிலே, 28 நாள்களுக்குள் ஒரு பொருள் குறித்த அளவுக்குச் சிதைந்தாலே அது ‘எளிதிற் சிதைவது’ எனப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டுச் சலவைப்பொருள் ஒழுங்குவிதி, வெளுக்கும் பொருள் முற்றாகச் சிதைவதாதல் வேண்டும் என்று விதிக்கின்றது. செருமனியிலே 1978ஆம் ஆண்டு தொடங்கிய ‘நீலத் தேவதை’ முத்திரை, இவ்வகைச் சான்றுகளுள் உலகில் முதலாவது. இத்தகைய சோதனையையோ முத்திரையையோ குறிப்பிடாது, ‘பசுமை’, ‘தூய இயற்கை’ என்று மட்டும் எழுதிய உறை யாதொன்றையும் கூறவில்லை. எவ்வளவு நீருக்கு எவ்வளவு தூள் என்று கூறும் உறை, இலைப் படம் போட்ட உறையிலும் நமக்கு மிகுந்த பயன் தரும்.

நுரையைப் பற்றியும் சொல்லல் வேண்டும். நுரை மிகுந்தால் வெளுப்பு மிகும் என்பது வாங்குவோர் மனத்திலுள்ள நம்பிக்கை. அதற்கிசைந்தே விற்போரும் நுரைக்கச் செய்கின்றனர். வெளுப்புக்கும் நுரைக்கும் நேரான தொடர்பு இல்லை. நுரையைக் கண்டு திருப்தியடைதற்காக இடும் மேலதிகத் தூளை அலசுதற்கு இரண்டு வாளி நீர் கூடுதலாக வேண்டும். கிருமிநாசினிகளின் செய்தியும் இத்தகையதே. திரைக்குளோசன் முதலிய 19 பொருள்களைக் கைகழுவும் சவர்க்காரங்களிற் சேர்த்தலை ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2016ஆம் ஆண்டு விலக்கியது. சாதாரண சவர்க்காரத்திலும் நீரிலும் அவை மேலானவை என்பதற்குச் சான்று காட்டப்படவில்லை என்பதே காரணம். மலசலகூடத்திலே ஊற்றும் வன்மையான குளோரீன் திரவங்கள், குழியிலே மலத்தைச் சிதைக்கும் பற்றீரியாக்களையும் கொல்லுகின்றன. அவற்றோடு அமிலத் திரவத்தைக் கலப்பதோ உயிருக்கே ஆபத்து. குளோரீன் வாயு வெளிப்படும். வெள்ளை ஆடைக்கு வெயிலைப் போன்ற வெளிற்றி நம் நாட்டிலே வேறில்லை. இயந்திரத்திலே வெந்நீரில் துவைக்குங்கால் மின்சாரத்திற் பெரும்பங்கு நீரைச் சூடாக்கவே செலவாகின்றது; நம் வெப்பநிலையிலே அதற்குத் தேவை அரிது.

தூள் தீர்ந்தபின் எஞ்சுவது அதன் உறை. சிறு பைக்கற்றுகளில் வாங்குவது மலிவு போலத் தோன்றினும் உறைதான் மிகுகின்றது. 2021ஆம் ஆண்டு இலங்கையிலே 20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைந்ததுமான சிறு பைக்கற்றுகள், உணவும் மருந்தும் நீங்கலாக, தடைசெய்யப்பட்டன. அதற்கு முன்னர், 2017 சித்திரையில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து மக்கள் மடிந்த ஆண்டின் செத்தெம்பர் மாதத்திலே, மெல்லிய பொலித்தீனும் உணவு சுற்றும் பொலித்தீன் தாளும் தடைசெய்யப்பட்டன. 2023 ஒற்றோபரிலே பிளாஸ்ரிக் உறிஞ்சிகள், கரண்டிகள் முதலியவற்றோடு பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டும் அப்பட்டியலிற் சேர்ந்தது. இடியப்பத் தட்டை ஈர்க்கினால் இழைத்த ஊரிலே அதற்குச் சட்டம் வேண்டியிருந்தது என்பது வேடிக்கையே. கடகமும் உமலும் நீத்துப்பெட்டியும் இன்றும் பின்னப்படுகின்றன. அவை மக்கிய பின்னர் மண்ணாகும். உமலின் ஓலை நம் வேலியோரத்திலேயே கிடைக்கும். பொலித்தீனுக்கு மாற்றாகப் பருத்திப் பை வாங்குவோர் ஒன்றை அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் சூழல் முகவரகம் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமடைதலை மட்டும் கருதின், பருத்திப் பையொன்றை 131 தடவையேனும் பயன்படுத்தினாலன்றி அது ஒருமுறை பயன்படும் மெல்லிய பொலித்தீன் பையிலும் மேலாகாது. விழாவுக்கு விழா துணிப்பை வழங்கும் சங்கங்கள் இக்கணக்கைப் பார்ப்பார்களாக. பாத்திரம் விளக்குதற்குத் தேங்காய்ப் பொச்சு உள்ள வீட்டிலே, தேயத் தேயத் துணிக்கைகளை நீரிற் சேர்க்கும் பிளாஸ்ரிக் தேய்ப்பானை வாங்க வேண்டிய அவசியமும் எனக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றிலும் எளிய வழியொன்று மாரிக்காலத்திலே கூரையிலிருந்து விழுகின்றது. மழைநீரிலே கல்சியம் இல்லை. ஆதலால் அதில் மிகச் சிறிதளவு சவர்க்காரமே போதும். முதல் மழையிற் கூரை கழுவப்பட்ட பின், பீலியின் கீழே ஒரு தொட்டி வைத்துச் சேர்த்த நீர் ஐப்பசி முதல் மார்கழி வரை சலவைக்கு உதவும். கிணற்று நீரை இறைக்கும் அளவும் அவ்வளவுக்குக் குறையும்.

இதனைக் கண்ணாற் காண விரும்பும் மாணவர்க்கு விலையுயர்ந்த கருவி யாதும் வேண்டியதில்லை. ஒரே அளவான இரண்டு போத்தல்களில் ஒன்றிலே மழைநீரையும் மற்றொன்றிலே தம் வீட்டுக் கிணற்று நீரையும் எடுத்து, கரைத்த சவர்க்காரத்தைத் துளித்துளியாக இட்டுக் குலுக்கி, நுரை நிலைத்து நிற்பதற்கு எத்தனை துளி சென்றன என்று எண்ணினாற் போதும். தெல்லிப்பழை, கொக்குவில், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை முதலிய ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் தத்தம் கிணற்று நீரை ஒரே நாளிற் கொணர்ந்து விஞ்ஞான கூடத்திலே இவ்வாறு சோதித்து, ஆவணியில் ஒருமுறையும் தையில் ஒருமுறையும் பெற்ற எண்களைக் குடாநாட்டுப் படமொன்றிலே குறித்து வைப்பாராயின், எந்த ஊரார் எவ்வளவு சவர்க்காரத்தை வீணே வெண்பாடாக்கி மண்ணுக்கு அனுப்புகின்றனர் என்பது அப்படத்திலே தெரியவரும்.